கட்டி எங்கே வளர்ந்தது? விலங்கு ஆய்வுகளில் புற்றுநோய் பரவுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எலிகளில் புற்றுநோய் பரவுவதைத் தடுத்தது புதிய மருந்து" என்று செய்தி வந்தால், நமக்கு எப்போது கிடைக்கும் என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு காலம் தள்ளியவர்கள் முதலில் கேட்பது வேறு: கட்டியை எங்கே வைத்தார்கள்? தோலுக்கடியிலா, உறுப்புக்குள்ளா, நேராக ரத்தத்திலா? இது தெரியாமல் மீதியைப் படிப்பதில் பெரிய பயன் இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று கேட்பவர்களுக்காக, வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எலி என்று எழுதும் இடமெல்லாம் ஆய்வுக்கூடச் சுண்டெலியைத்தான் சொல்கிறேன்.

ஒரே புற்றுச் செல்லை இடம் மாற்றி வைத்தால், பரவுவதும் மாறுமா?

மாறும். கொஞ்சநஞ்சம் அல்ல, தலைகீழாகவே மாறலாம்.

மனிதப் பெருங்குடல் புற்றுச் செல்களை ஒரே குப்பியில் வளர்த்து இரண்டாகப் பிரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியை எலியின் விலாப்பக்கத் தோலுக்கடியில் செலுத்துகிறோம். மறு பாதியை இன்னொரு எலியின் குருட்டுக்குடல் (பெருங்குடலின் தொடக்கப் பகுதி) சுவருக்குள் செலுத்துகிறோம். தோலடியில் போனது நன்றாகவே வளரும். சில வாரங்களில் கோலிக்குண்டு போலத் திரண்டு நிற்கும். ஆனால் உடலைத் திறந்து பார்த்தால் கல்லீரலும் நுரையீரலும் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். குடலில் வைத்த எலியைத் திறந்தால், செல் வரிசை (ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் ஒரே வகைச் செல்கள்) தீவிரமான ரகமாக இருக்கும் பட்சத்தில், கல்லீரலில் வெள்ளை வெள்ளையாக முடிச்சுகள் தென்படும்.

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ஐசையா ஃபிட்லரும் அவரோடு இருந்தவர்களும் 1980களில் இதை உறுப்பு உறுப்பாகச் செய்து காட்டினார்கள். 1986இல் வந்த ஆய்வு ஒன்றில், ஒரு நோயாளியின் சிறுநீரகப் புற்றிலிருந்து எடுத்த செல்களை எலியின் பல இடங்களில் வைத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்திலேயே வைத்தபோதுதான் பரவல் அதிகம். பெருங்குடல் செல்களிலும் பின்னர் இதே கதைதான்.

செல் ஒன்று, மரபணுக்கள் ஒன்று, விளைவு மட்டும் இரண்டு. அதனால் "இந்தச் செல் பரவாத ரகம்" என்று ஒரு கட்டுரையில் பார்த்தால், "அந்த இடத்தில் வைத்தபோது பரவவில்லை" என்று மனத்துக்குள் திருத்திப் படித்துக்கொள்வது என் வழக்கம்.

ஆர்த்தோடோபிக், எக்டோபிக் என்கிறார்களே, அவை என்ன?

கட்டி இயல்பாக எந்த உறுப்பில் தோன்றுமோ அந்த உறுப்பிலேயே வைத்தால் ஆர்த்தோடோபிக். தமிழில் சொந்த இடத்துக் கட்டி எனலாம். மார்பகப் புற்றுச் செல்லை எலியின் மார்பகக் கொழுப்புத் திசுவிலும், கணையப் புற்றுச் செல்லைக் கணையத்திலும் வைப்பது அந்த வகை. வேறு எங்கே வைத்தாலும் எக்டோபிக், அதாவது அயலிடத்துக் கட்டி. நடைமுறையில் அயலிடம் என்றால் பெரும்பாலும் தோலடிதான்.

நிறமிச் செல்களில் தோன்றும் மெலனோமா என்ற புற்றில் மட்டும் சின்னக் குழப்பம் வரும். அதன் சொந்த வீடே தோல். ஆகவே தோலடியில் வைத்த மெலனோமா பாதி சொந்த இடம். தோலுக்கு உள்ளேயே ஊசி போட்டால்தான் முழுச் சொந்த இடம். ஊசி முனை ஒரு மில்லிமீட்டர் ஆழம் போனால் பெயரே மாறிவிடும்.

தோலுக்கடியில் வைத்த கட்டி ஏன் சரியாகப் பரவுவதில்லை?

ஒரே காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. நாலைந்து சேர்ந்து வேலை செய்கின்றன.

கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்கலாம். தோலடிக் கட்டியை வெட்டி எடுக்கும்போது அது பலமுறை கொட்டை பிதுங்குவது போல முழுசாக வெளியே வந்துவிடும். சுற்றிலும் நார்த்திசு சேர்ந்து ஓர் உறை போட்டிருக்கும். கணையத்திலோ குடல் சுவரிலோ வளர்ந்த கட்டி அப்படி வராது. எங்கே கட்டி முடிகிறது, எங்கே உறுப்பு தொடங்குகிறது என்று விரலுக்கே தெரியாது. இழைகளுக்குள் ஊடுருவிப் போயிருக்கும். பரவலின் முதல் படியே இந்த ஊடுருவல்தான். உறைக்குள் அடங்கிக் கிடக்கும் கட்டிக்கு அந்த முதல் படியே ஏறாத படி.

சரி, ஏன் ஊடுருவுவதில்லை? இங்கேதான் அக்கம்பக்கத்துச் செல்கள் வருகின்றன. எல்லா உறுப்பிலும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல்கள் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் தோலில் இருப்பவையும் பெருங்குடலில் இருப்பவையும் ஒன்றல்ல. 1990களின் தொடக்கத்தில் ஃபிட்லரின் குழுவினர் மனிதப் பெருங்குடல் புற்றுச் செல்களை இவ்விரு வகை ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளோடும் தனித்தனியே சேர்த்து வளர்த்தார்கள். குடல் ஃபைப்ரோபிளாஸ்ட் பக்கத்தில் இருந்தபோது புற்றுச் செல்கள், திசுவைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கரைக்கும் நொதியைச் சுரந்து உள்ளே புகுந்தன. தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் பக்கத்தில் அடங்கிப்போயின. தோல் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா என்ற புரதம் அந்த நொதியின் உற்பத்தியை அமுக்குகிறது என்று கண்டார்கள். ஆக, புற்றுச் செல்லிடம் கத்தி இருக்கிறது. அதை உறையிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார்.

அடுத்தது வடிகால். தோலடியிலிருந்து புறப்படும் ரத்தம் பெருஞ்சிரை வழியே இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நேராக நுரையீரலுக்குப் போகும். குடலிலிருந்து புறப்படும் ரத்தமோ வாயிற்சிரை வழியே முதலில் கல்லீரலுக்குப் போகும். குடல் புற்று மனிதர்களிடம் கல்லீரலில்தான் அதிகம் பரவுகிறது. தோலடியில் வைத்துவிட்டுக் கல்லீரலில் முளைக்கக் காத்திருப்பது, தடம் மாறிய பேருந்தில் ஏறிவிட்டு ஊர் வரவில்லையே என்பது மாதிரி. ரத்தக்குழாய்களின் தரமும் இடத்துக்கு இடம் வேறு. ஒரே கட்டியை மண்டையோட்டுக்குள்ளும் தோலடியிலும் வளர்த்துக் கண்ணாடிச் சன்னல் வழியே நுண்ணோக்கியில் பார்த்த ராகேஷ் ஜெயினின் ஆய்வுக்குழு, குழாய்ச் சுவரின் கசிவுத் துளைகள் மண்டையோட்டுக்குள் சிறியவை என்று 1998இல் காட்டியது.

கடைசியாக ஒன்று, பலரும் மறந்துவிடுவது: நேரம். தோலடிக் கட்டி வேகமாகப் பெருக்கும். 20 கிராம் எடையுள்ள எலிக்கு 1 கிராம் கட்டி என்றால், 60 கிலோ மனிதருக்கு 3 கிலோ கட்டிக்குச் சமம். அந்த அளவுக்கு மேல் விலங்கைத் தவிக்கவிடக் கூடாது என்பதால், பல இடங்களில் கட்டி 15 முதல் 20 மில்லிமீட்டர் தொட்டதும் எலியை வலியின்றிக் கொன்றுவிடுவார்கள். பரவல் முளைத்துக் கண்ணுக்குத் தெரிய வாரங்கள் வேண்டும். அந்த வாரங்களே கிடைப்பதில்லை. அதாவது சில "பரவாத" கட்டிகள், பரவ அவகாசம் கிடைக்காத கட்டிகள்.

விதையும் மண்ணும் என்ற கருத்து இங்கிருந்துதான் வந்ததா?

அது எலிகளுக்கு முந்தியது. 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். புற்று எங்கெங்கே பரவியிருந்தது என்று எண்ணியபோது கல்லீரல் அடிக்கடி வந்தது, மண்ணீரல் அரிதாகவே வந்தது. இரண்டுக்கும் ரத்தம் தாராளமாகப் போகிறது. ரத்தம் கொண்டுபோய் விடுவதுதான் ஒரே காரணம் என்றால் இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாதே என்பது அவர் கேள்வி. விதை எல்லாத் திசையிலும் பறந்தாலும் ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்று முடித்தார்.

1928இல் அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூயிங், மண்ணும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ரத்தக்குழாய் போகும் வழியே போதும் என்றார். சில பத்தாண்டுகள் அவர் பேச்சுதான் எடுபட்டது.

இந்த வழக்கைத் தீர்த்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1980இல் இயன் ஹார்ட்டும் ஃபிட்லரும் செய்தது. நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து துண்டுகளை எடுத்து எலிகளின் தொடைத் தசைக்குள் பதியம் போட்டார்கள். துண்டுகளுக்குள் புது ரத்தக்குழாய்கள் ஓடத் தொடங்கிய பிறகு, பி16 என்ற எலி மெலனோமா செல்களை ரத்தத்தில் விட்டார்கள். தொடையில் இருந்த நுரையீரல் துண்டில் கட்டி முளைத்தது, சூலகத் துண்டிலும் முளைத்தது. அதே தொடையில், அதே ரத்தத்தில் நனைந்த சிறுநீரகத் துண்டில் முளைக்கவில்லை. கதிரியக்க அடையாளம் இட்ட செல்களை வைத்துப் பார்த்தபோது, வந்து சேர்ந்தவற்றின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடும் இல்லை. வந்தவை தங்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் இருவரையும் சேர்த்தே சொல்வார்கள். முதல் நிறுத்தம் எது என்பதில் யூயிங் சரி. இறங்கிய பிறகு குடியேறுவதா என்பதில் பேஜட் சரி. நாம் பேசும் 'கட்டி வளரும் இடம்' இந்தக் கதையின் மறுபாதி. மண்ணைப் பற்றிப் பேசும்போது பரவிச் சேரும் இடத்தையே எல்லோரும் நினைக்கிறார்கள். புறப்படும் இடமும் மண்தான்.

வால் சிரையில் ஊசி போட்டால் நுரையீரலில் கட்டி வருகிறதே, அதுவும் பரவல்தானே?

பாதிப் பரவல். மூலக் கட்டியிலிருந்து பிரிவது, ஊடுருவுவது, ரத்தக்குழாய்க்குள் நுழைவது ஆகிய எல்லாவற்றையும் ஆய்வாளரே ஊசியால் முடித்துவிட்டார். செல்லுக்கு மிச்சம் இருப்பது ரத்தத்தில் பிழைத்து, எங்கோ மாட்டி, வளர்வது மட்டும். அதனால் இதைச் 'சோதனைமுறைப் பரவல்' என்று தனியாகக் குறிப்பார்கள். கட்டியிலிருந்து தானாகப் புறப்படுவது 'தன்னியல்புப் பரவல்'.

ஊசி போடும் இடமே விடையையும் பெரும்பாலும் எழுதிவிடும். வால் சிரையில் போட்டால் செல்கள் சந்திக்கும் முதல் தந்துகிப் படுகை நுரையீரல், அங்கே கட்டி. மண்ணீரலில் போட்டால் கல்லீரல். இதயத்தின் இடது அறையில் போட்டால் உடம்பெங்கும் போய் எலும்பிலும் மூளையிலும் முளைக்கும். "எங்கள் செல் நுரையீரலைத் தேடிப் போகிறது" என்று வால் சிரைச் சோதனையை மட்டும் வைத்து எழுதுபவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். நீங்கள் அல்லவா அனுப்பினீர்கள்?

ஆனாலும் இந்த முறையை ஒதுக்கிவிட முடியாது. 1970இல் ஃபிட்லர் கதிரியக்க அடையாளம் இட்ட பி16 செல்களை ரத்தத்தில் விட்டு எண்ணியபோது, ஒரு நாள் கழிந்ததும் நூற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. பிழைத்தவற்றை நுரையீரலிலிருந்து எடுத்து வளர்த்து, மறுபடி செலுத்தி, இப்படிப் பத்துச் சுற்று சலித்துப் பெற்றதுதான் பி16-எஃப்10 என்ற பெயர்பெற்ற செல் வரிசை. பரவல் என்பது எவ்வளவு கசக்கிப் பிழியும் பயணம் என்பதை இந்த ஊசிதான் நமக்குக் காட்டியது.

தோலடிக் கட்டி ஒருபோதும் பரவாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 1951இல் மார்கரெட் லூயிஸ் கண்டெடுத்த லூயிஸ் நுரையீரல் புற்று, தோலடியில் வைத்தாலும் நுரையீரலுக்குப் போகும். அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதன் ஒரு வகையில், தோலடிக் கட்டி இருக்கும் வரை நுரையீரலில் சேர்ந்த துளிகள் வளராமல் கிடக்கும்; மூலக் கட்டியை வெட்டி எடுத்ததும் அவை விறுவிறுவென்று பெருகும். பாஸ்டனில் ஜூடா ஃபோக்மனின் ஆய்வுக்கூடம் 1994இல் இதன் காரணத்தைத் தேடிப்போய், ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் ஆஞ்சியோஸ்டாடின் என்ற புரதத்துண்டைக் கண்டது. மூலக் கட்டி உள்ளவரை அது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆக மூலக் கட்டி எங்கே இருக்கிறது என்பதோடு, இன்னும் இருக்கிறதா எடுத்தாயிற்றா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

மார்பகப் புற்று ஆய்வில் இது எப்படி?

எலிக்கு ஐந்து ஜோடி மார்பகச் சுரப்பிகள். இடுப்பருகே உள்ள நான்காவது ஜோடிதான் வழக்கமாகப் பயன்படும். எட்டுவதும் எளிது, தைப்பதும் எளிது. 4டி1 என்ற எலி மார்பகப் புற்றுச் செல்லை அங்கே கொழுப்புத் திசுவில் வைத்தால் நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை என்று தானாகவே போகும். அதே மூலக் கட்டியிலிருந்து பிரித்த சகோதர வரிசைகளும் உண்டு: 67என்ஆர் கட்டியாக மட்டும் வளரும், 168எஃப்ஏஆர்என் நிணநீர் முடிச்சுவரை போய் நின்றுவிடும். ஒரே இடம், வேறு வேறு செல். இடம்தான் எல்லாம் என்று நான் சொல்வதாக யாராவது நினைத்தால், இந்தக் குடும்பம் அதற்கு மறுப்பு.

இங்கே ஒரு பழைய சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். எம்டிஏ-எம்பி-435 என்ற மனிதச் செல் வரிசையைப் பல ஆண்டுகள் மார்பகப் புற்று என்றே நம்பி, எலியின் மார்பகக் கொழுப்பில் வைத்து, நுரையீரலுக்கு அழகாகப் பரவுகிறது என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். 2000இல் மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்டபோது அது மெலனோமாக்களோடு போய் உட்கார்ந்தது. பிறகு டி.என்.ஏ. அடையாளம் பார்த்ததில் எம்14 என்ற மெலனோமா வரிசையோடு ஒத்துப்போனது. சொந்த இடம் என்று வைத்தார்கள். விதையே வேறு என்பதால் அது அயலிடமாகப் போயிற்று.

உறுப்புக்குள் கட்டி வைப்பது எப்படி நடக்கிறது?

குடலை எடுத்துக்கொள்ளலாம். எலிக்கு மயக்க மருந்தும் வலி மருந்தும் கொடுத்து, வயிற்றில் சிறிதாகக் கீறி, குருட்டுக்குடலை வெளியே எடுத்து ஈரத் துணியில் வைப்பார்கள். காற்றுப் பட்டு உலரக் கூடாது. மயிரிழை போன்ற 30ஆம் எண் ஊசியைச் சுவரின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கிட்டத்தட்டப் படுக்கவைத்து நுழைத்து, 20 முதல் 50 மைக்ரோலிட்டர் செல் கலவையை மெதுவாகத் தள்ள வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் அளவுதான். சரியாகப் போனால் சுவரில் பளபளவென்று ஒரு சின்னக் கொப்புளம் எழும். எழாவிட்டால் ஊசி குடலின் உள்வெளிக்குள் போய்விட்டது என்று அர்த்தம்; அந்த எலியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கொப்புளம் எழுந்தாலும் ஊசியை உடனே உருவக் கூடாது. சில நொடிகள் பொறுத்து, பஞ்சுக் குச்சியால் அழுத்திக்கொண்டே எடுத்து, அந்த இடத்தைக் கழுவிவிட்டு, குடலை உள்ளே வைத்து இரண்டு அடுக்காகத் தைக்க வேண்டும்.

செல் கலவைக்குப் பதில் கட்டியின் துண்டையே உறுப்பின் மேல் தைக்கும் முறையும் உண்டு. சான் டியாகோவில் ராபர்ட் ஹாஃப்மன் 1990களின் தொடக்கத்திலிருந்து இதை வளர்த்தெடுத்தார். துண்டு முழுதாக இருப்பதால் கட்டியின் உள்கட்டமைப்பு குலையாது, ஒழுகும் ஆபத்தும் குறைவு. பின்னர் பச்சையாக ஒளிரும் புரதத்தைச் செல்களில் ஏற்றி, பரவலை ஒற்றைச் செல் அளவில் பார்க்கவும் அவர் குழு வழி செய்தது.

ஒழுகினால் என்ன ஆகும்?

பொய்ப் பரவல். வயிற்றுக்குள் சிந்திய செல்கள் குடலின் மேலும் உதரவிதானத்தின் மேலும் தாமாகவே கட்டியாகும். பார்க்கப் பிரமாதமான பரவல் போலவே இருக்கும்.

நானும் மாட்டியிருக்கிறேன். கற்றுக்கொண்ட புதிதில் ஆறு எலிகளில் ஆறிலும் வயிறு முழுக்க முடிச்சு. தலைகால் புரியாமல் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கை பழக்கிய அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கல்லீரலுக்கு உள்ளே இருக்கா, மேலே ஒட்டியிருக்கா பாரு" என்றார். எல்லாமே மேலே ஒட்டியிருந்தவை. "இது பரவல் இல்லப்பா, ஒழுகல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து உள்ளே வெட்டிப் பார்க்காமல் எதையும் பரவல் என்று எழுதியதில்லை.

வளரும் இடம் மருந்தின் பலனையும் மாற்றுமா?

மாற்றும், அதனால்தான் இவ்வளவு பேச்சு.

சிடி-26 என்ற எலிப் பெருங்குடல் புற்றில் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தோலடியில் வளர்ந்த கட்டி மருந்துக்குப் பணிந்தது. நுரையீரலில் வளர்ந்தது பணியவில்லை. செல்லுக்குள் வந்த மருந்தை வெளியே இறைக்கும் பி-கிளைக்கோபுரதத்தின் அளவும் கட்டி இருந்த இடத்தோடு சேர்ந்து மாறியது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் சிகிச்சைகளிலும் இதே கதை. ரென்கா என்ற எலிச் சிறுநீரகப் புற்றில், மூன்று எதிர்ப்பொருள்கள் சேர்ந்த கலவை தோலடிக் கட்டியைக் கரைத்தது. சிறுநீரகத்தில் இருந்த அதே கட்டியை அசைக்கவில்லை. சிறுநீரகத்தில் கூடியிருந்த எதிர்ப்பு அணுக்களின் ரகம் வேறு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை வெளியிட்டபோது, தோலடிக் கட்டியை மட்டும் நம்பி மருந்துகளைத் தேர்ந்தெடுத்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தியிருக்கும்.

இன்னும் உறுத்தலான ஒன்று 2009இல் வந்தது. ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் சுனிடினிப் மருந்து எலிகளில் மூலக் கட்டியைச் சுருக்கியது. அதே மருந்தைச் செல்களை ரத்தத்தில் விடுவதற்கு முன் சில நாள் கொடுத்தபோதும், மூலக் கட்டியை வெட்டி எடுத்த பிறகு குறுகிய காலம் கொடுத்தபோதும், பரவல் வேகம்பிடித்தது. கட்டியின் அளவை மட்டும் காலிப்பரால் (நீள அகலம் அளக்கும் இடுக்கிக் கருவி) அளந்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் இன்னும் தோலடியிலேயே வைக்கிறார்கள்?

கைக்கு எட்டுகிறது, அதனால்தான். அறுவை வேண்டாம். ஒரு காலிப்பர் போதும்: நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கன அளவு. வாரம் இருமுறை அளந்து வரைபடம் போட்டுவிடலாம். உறுப்புக்குள் இருப்பதை அளக்க அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும், இல்லாவிட்டால் ஒளி உமிழவைக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதியை ஏற்றிய செல்லும் இருட்டுப் பெட்டிக் கேமராவும் வேண்டும். விலங்குக்கும் தோலடிதான் இலகு; வயிற்றைக் கிழிப்பது அதற்கு ஒரு பாடு.

ஒரு மருந்து கட்டியைத் தொடவாவது தொடுகிறதா என்று முதல் வடிகட்டலாகப் பார்க்க நான்கூடத் தோலடியைத்தான் சொல்வேன். பரவலைப் பற்றி வாய் திறக்கும்போதுதான் அது போதாது.

எந்த வகை எலி என்பது முக்கியமா?

ரொம்பவே. மனிதச் செல்லைச் சாதாரண எலி ஏற்காது. மயிரில்லாத, தைமஸ் சுரப்பி இல்லாத நியூட் எலியில் மனிதக் கட்டியை முதன்முதலாக வளர்த்தது 1969இல், டென்மார்க்கில். தைமஸில் முதிரும் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் இல்லாவிட்டாலும் அதற்கு இயற்கைக் கொல்லி செல்கள் உண்டு; ரத்தத்தில் தனியாகத் திரியும் புற்றுச் செல்களை அவை பிடித்துக் கொல்லும். பின்னர் வந்த என்எஸ்ஜி எலியில் அவையும் கிடையாது. அதனால் நியூட் எலியில் பரவாதது என்எஸ்ஜியில் பரவலாம். இடத்தின் பாதிப்பா, காவல்காரன் இல்லாத வீடா என்று பிரித்துப் பார்க்க, இரண்டு இடங்களையும் ஒரே வகை எலியில் ஒப்பிட வேண்டும்.

கூண்டறையின் குளிரும் இதில் விளையாடும். வழக்கமான 22 டிகிரி எலிக்குக் குளிர். 30 டிகிரியில் வளர்த்தபோது கட்டி மெதுவாக வளர்ந்தது, பரவலும் குறைந்தது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது.

பரவலை எப்படி எண்ணுகிறார்கள்?

மெலனோமா என்றால் சுலபம்: இளஞ்சிவப்பு நுரையீரலில் கறுப்புப் புள்ளிகளை எண்ண வேண்டியதுதான். மற்றவற்றுக்கு மூச்சுக்குழாய் வழியே இந்திய மை ஏற்றுவார்கள். நுரையீரல் கறுத்துப்போகும், கட்டிகள் மட்டும் வெளுத்து நிற்கும். 4டி1க்கு இன்னொரு வழி இருக்கிறது. அந்தச் செல் 6-தயோகுவானின் என்ற நஞ்சைத் தாங்கும். நுரையீரலை அரைத்து அந்த நஞ்சு கலந்த ஊடகத்தில் ஊற்றி வைத்தால் எலியின் சொந்தச் செல்கள் செத்துவிடும். மிஞ்சி வளரும் ஒவ்வொரு கூட்டமும் பரவி வந்த ஒரு செல்லின் வாரிசு.

சொந்த இடத்தில் வைத்துவிட்டால் மனித நோய் போலவே ஆகிவிடுமா?

ஆகாது. மனிதக் கட்டி பல ஆண்டு ஊறி வளர்வது. இது சில வாரம். லட்சக்கணக்கான செல்களை ஒரே நாளில் கொட்டுகிறோம், ஊசிக் காயத்தோடு. மரபணு மாற்றி, எலியின் உறுப்பில் கட்டி தானாகவே தோன்றச் செய்யும் வகைகளும் இருக்கின்றன. அவற்றில் மண் சரி, விதை எலியுடையது. எதை எடுத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும்.

நோயாளியின் குடும்பத்தார் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது?

சிகிச்சை முடிவுக்கு எதுவும் வேண்டாம். அதற்கு மனித ஆய்வுகளும் உங்கள் மருத்துவரும் இருக்கிறார்கள். எலிச் செய்தியை நம்பி மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது எந்த வரியைத் தேடுவது?

முடிவுரையை விட்டுவிட்டு நேரே செய்முறைப் பகுதிக்குப் போங்கள். எத்தனை செல், எத்தனை மைக்ரோலிட்டர், எந்த இடம், எந்த எலி என்பது ஒரே பத்தியில் இருக்கும். செல் வரிசையின் அடையாளத்தைச் சரிபார்த்தார்களா என்று பாருங்கள். தானாகப் பரவியதா, ரத்தத்தில் விட்டார்களா என்று பாருங்கள். இரண்டு சிகிச்சைக் குழுக்களின் மூலக் கட்டிகளும் ஒரே அளவில் இருந்தபோது பரவலை ஒப்பிட்டார்களா என்பதும் முக்கியம். மருந்து கட்டியைச் சிறிதாக்கியதால் மட்டுமே பரவல் குறைந்திருக்கலாம். அப்புறம், கட்டியை வெட்டி எடுத்த பிறகு எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பது. அந்த எண் பெரும்பாலும் படத்துக்கு அடியில், சின்ன எழுத்தில் இருக்கும்.